எட்டு போடுதல்

ஒரு கோடுதான் விழுகிறது என்றான் ஹுமைத்,
பல்வலியைச் சொல்லும் குரலில்.
ஸஜா ரோட்டில் மிதித்தால்
வலது டயர் மட்டும் தாரில் கறுப்பாய் எழுதுகிறதாம்,
இடது சும்மா உருள்கிறதாம்.

லிஃப்டில் ஏற்றி, கியரில் நிறுத்தி
வலது சக்கரத்தைக் கையால் முன்னே சுற்றினேன்.
இடது பின்னே சுற்றியது,
ஒன்று ஏற மற்றது இறங்கும் இரட்டை வாளி.
ஓப்பன் டிஃப்.

வெல்டிங் அடித்துவிடு உஸ்தாத் என்றான் குல்ஸரீன்.
அடித்தால் இரண்டும் ஒன்றாய்ச் சுற்றும்.
வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டுமென்று
இரும்புக்கு அப்புறம் யார் சொல்வது?
மால் பார்க்கிங்கில் டயர் கத்தும்,
வால் மிதிபட்ட பூனையாய்.

ஹுமைதுக்கு என் உடைந்த அரபியில் சொன்னேன்:
உன் டிஃப்பில் பழுதில்லை.
இழுவிசையைச் சரிபாதிதான் பிரிக்கிறது.
வலது மணலில் நின்று
ஒரு பிடிதான் தாங்குமென்றால்
தாரில் நிற்கும் இடதுக்கும் அதே ஒரு பிடி.
மணலில் நிற்பது வெறுமனே சுழலும்.
கார் நகராது.

சமமாய்க் கொடுப்பது தப்பா என்று கேட்டான்.

ரோல்லா அறையில் ஏழு கட்டில்.
வாடகை ஏழாய்ப் பிரியும்.
மார்ச்சிலிருந்து செல்லச்சாமிக்குச் சம்பளமில்லை,
அவனால் ஐம்பது திர்ஹம் முடியும்.
ஆளுக்கு ஐம்பது என்று வைத்திருந்தால்
கட்டில்கள் தெருவில் கிடந்திருக்கும்.
யாரும் கூடிப் பேசவில்லை.
கரண்ட் பில்லை ஒருவன் கட்டினான், கேஸை ஒருவன்,
ஞாயிற்றுக்கிழமைக் கோழியை நான்.
உரசல் இருந்தது.
குளியலறை வாசலில் ஒருநாள்
பக்கெட் பறந்தது.

தப்பில்லை, போதாது என்றேன்.

ஸ்க்ராப் யார்டில் எடுத்த எல்எஸ்டி,
உள்ளே தட்டுகள் நீலம்பாரித்துக் கிடந்தன.
புதுத் தட்டுகள் அடுக்கினேன்:
ஒன்று அச்சைப் பிடிக்க, ஒன்று கூட்டைப் பிடிக்க,
மறுபடி அச்சு, மறுபடி கூடு.
அழுகிய முட்டை நாற்றத்தில் எண்ணெய்.
இரண்டு நாள் எதைத் தின்றாலும் அதே ருசி.

எண்ணெய் தட்டுகளுக்குள் இறங்க
எட்டு போட வேண்டும்.
இரவு பதினொன்றுக்கு
டயர் குடோன் பின்னால் காலி மைதானம்,
சட்டை பிழியப் பிழிய ஆகஸ்ட்.
தூத்துக்குடி ஆர்டிஓ முன்னால்
கால் ஊன்றி இரண்டு முறை ஃபெயிலான அதே எட்டை
ஊர்ந்து ஊர்ந்து போட்டேன்.
பின்னால் தட்டுகள் கடமுட கடமுடவென்று
பங்காளிச் சண்டை போட்டன.
பன்னிரண்டாவது எட்டில்
முணுமுணுப்பு.
இருபதில் அதுவும் இல்லை.

மைதான ஓரம் காற்று கொண்டுவந்த மணல்.
வலப்பக்கத்தை வேண்டுமென்றே அதில் இறக்கி
மிதித்தேன்.
வலது வழுக்கத் தொடங்கியது.
ஒரு இறுக்கம், என் இடுப்பில் தெரிந்தது.
இடது பிடித்துக்கொண்டது.
வால் லேசாய் ஆட
வெளியே வந்தோம்.

ஹுமைத் இறங்கி மொபைல் வெளிச்சத்தில் குனிந்தான்.
இத்னேன், இத்னேன் என்று கத்தினான்.
ஆமாம், இரண்டு.
தாரில் ஒன்று அழுத்தமாய்,
மணலில் ஒன்று பாதி தூர்ந்து.

பிறகு கூலியில்
ஐம்பது திர்ஹம் குறைக்கச் சொன்னான்.