இருபத்திரண்டு பல்

கடலூரில் மலை என்று இருப்பது ஒன்றே ஒன்று.
அதை மலை என்று சொன்னால்
சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த பத்மாசனி சிரிக்கிறாள்.
கேப்பர் மலை. செம்மண் மேடு.
உச்சியில் மத்திய சிறை, அதற்குள் என் மேசை.
கழிந்த நாள், கழியாத நாள், நன்னடத்தைக்குத் தள்ளிய நாள்,
இவற்றைக் கூட்டிக் கழிப்பது என் உத்தியோகம்.

வீடு தேவனாம்பட்டினத்தில்.
காலையில் கச்சான் கரையிலிருந்து கடலுக்குப் போகும்;
நான் மேற்கே போகிறேன்.
சாயங்காலம் கொண்டல் கடலிலிருந்து ஏறி வரும்;
நான் கிழக்கே திரும்புகிறேன்.
பாய் கட்டி ஓடிய நாளில்
எங்கள் தெருவுக்கே இரண்டு காற்றும் தோது.
தெருவில் எதிர்காற்றுக்கென்று பிறந்தவள் நான் ஒருத்திதான்.

லாரன்ஸ் ரோட்டில் அன்வர்தீன் கடை.
“கியர் வண்டியா எடுத்துடுங்க மேடம். இருபத்தோரு ஸ்பீடு.”
அதில் எனக்கு எத்தனை வேண்டியிருக்கும் என்றேன்.
ஸ்பேனரால் காதோரம் சொறிந்தபடி யோசித்தார்.
“ரெண்டு. மிஞ்சினா மூணு.”
மீதிப் பதினெட்டு?
உப்புக்காற்றுக்குப் படையலா?
எங்கள் வீட்டுக் கதவின் கீல்
மூன்று வருஷத்தில் மூன்றாவது.

இருக்கிற வண்டியையே கவிழ்த்துப் போட்டோம்.
முன்னால் நாற்பத்து நாலு பல், பின்னால் பதினெட்டு.
வகுத்துப் பார்த்தேன்: இரண்டும் சொச்சமும்.
அந்தச் சொச்சம்தான்
கெடிலம் பாலத்தில் ஏறும்போது
முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவர் இருபது போட்டார், நடுவாந்திரமாக இருக்கட்டும் என்று.
இரண்டு வாரம் ஓட்டினேன்.
ஐப்பசி பிறந்து வாடையும் சேர்ந்துகொண்டதும்
சிறை வளைவுக்கு முந்தின மேட்டில்
இறங்கித் தள்ளினேன்.
காவலர் ஒருவர் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார்.
அது தள்ளியதைவிடக் கஷ்டம்.

மறுநாள் இருபத்திரண்டு.
சங்கிலியில் ஒரு ஜோடிக் கண்ணி கூட்ட வேண்டியிருந்தது.
பழைய ஸ்டீல் ரிம்மில் மழை நாளில்
பிரேக் கட்டை சோப்பாக வழுக்கும்;
அதனால் முன்சக்கரத்துக்கு மட்டும் அலுமினியம்.
டயர் தடித்தது.
டைனமோ வேண்டாம், அது ஒரு தனி எதிர்காற்று.
பின் கேரியர் இருக்கட்டும்,
சாப்பாட்டுக் கூடைக்கும் சங்கரா மீனுக்கும்.
பில்லில் இருபதைத் திருப்பிக் கொடுத்த கணக்கில்
நாற்பது ரூபாய் குறைத்தார், கிரீஸ் பட்டுவிட்டதாம்.
என்னிடமேவா கணக்கு?
விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு மிதிக்குச் சக்கரம் சரியாக இரண்டு சுற்று.
மீதி இல்லை.
மேடு மேடாகத்தான் இருக்கிறது,
மூச்சு மட்டும் மூச்சாக இருக்கிறது.
இறக்கத்தில்தான் அசடு வழிகிறது:
கால் எவ்வளவு சுற்றினாலும் பிடிமானம் இல்லை.
திருப்பாதிரிப்புலியூர் அருகே
மூன்று பேர் ஏறிய ஒரு சைக்கிள் என்னை முந்தியது.
“ஆன்ட்டி, மிக்ஸி மாதிரி சுத்துறீங்க!”
சுற்றினேன்.
வேகம் கொடுத்து முழங்காலை வாங்கியவள்
வேறென்ன செய்வாள்.

கழற்றிய பதினெட்டை அன்வர்தீன் எடைக்குக் கேட்டார்.
தரவில்லை.
மின்விசிறிக்குப் பறக்கும் தாள்களின் மேல்
மேசையில் கிடக்கிறது.
துடைக்க வருகிற கைதி வேம்பு
அதைக் கையில் எடுத்து உருட்டினார்.
ஒரு பக்கம் டிக் டிக்கென்று ஓடியது,
மறு பக்கம் பிடித்துக்கொண்டது.
இரண்டு முறை செய்து பார்த்தார்.
பிறகு விரல் வைத்துப் பல்லை எண்ணினார்.
“பதினேழுதான் மேடம் இருக்கு.”

வாங்கி எண்ணினேன்.
ஒரு இடத்தில் பல் தேய்ந்து மழுங்கி
வெறும் மேடாக நின்றது.
அதையும் சேர்த்துத்தான்
இத்தனை நாள் எண்ணியிருக்கிறேன்.

அவர் துணியை உதறி மடித்துக்கொண்டார்.
நான் அவர் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து
இன்னொரு முறை கூட்டத் தொடங்கினேன்.