குளிர்ப்பெட்டியில் மூன்று நாள்

யூலை பதினாலு. பால்கனித் தொட்டியில்
சலாது விதை போட்டேன்.
விதையா அது?
வெட்டிய நகத்தின் துணுக்கு.
மூச்சு விட்டால் பறக்கும்.

ஏழு நாளில் முளைக்கும் என்றது பைக்கற்.
ஏழு போனது. பதினேழும் போனது.
காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர்.
பாசிதான் படர்ந்தது.
கீழ்வீட்டு குட்க்னெக்ட்
சொட்டு விழுந்த தன் மேசை விரிப்பைப் பார்ப்பார்,
நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்,
ஒன்றும் சொல்லமாட்டார்.

இதில் வெட்கம் என்னவென்றால்
எனக்குச் சோறு போடுவதே சலாதுதான்.
கெர்ட்சர்ஸ் வயல் இலையெல்லாம்
எங்கள் பட்டியில்தான் ஓடும்.
விடிய நாலரைக்கு வெள்ளைத் தொப்பி, நீலக் கையுறை,
நான்கு பாகை குளிர்.
பழுத்தது, கிழிந்தது, பூச்சி கடித்தது:
எடு, எறி.
ஒருமுறை நகமளவு தவளை ஒன்று
கண் திறந்தபடி வந்தது.
கதவுக்கு வெளியே விட்டேன்.
மேற்பார்வையாளருக்குச் சொல்லவில்லை.
நாளுக்கு எத்தனை ஆயிரம் பை!
வீட்டில் ஒரு முளை இல்லை.

இல்டா சிரித்தாள்.
"முப்பது பாகையில் எவன் எழும்புவான்?
வெயிலென்றால் அது தூங்கிவிடும்.
ஈரத்தாளில் சுற்றிக் குளிரில் வை."

வைத்தேன்.
யோகட் மூடியில், நனைத்த தாளுக்குள்,
இடியப்ப மாவுக்கும் கருவாட்டுப் போத்தலுக்கும் நடுவே.
"இதென்ன, மருந்தோ?" என்றான் நிமலரூபன்.
"விதை. நித்திரையால எழுப்புறன்."
"குளிருக்கையோ?"
குளிர்ப்பெட்டிக் கதவை மெல்லச் சாத்தினான்,
பிள்ளை தூங்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல.

மூன்றாம் நாள் தாளைப் பிரித்தேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை நுனி,
ஊசியில் கோக்க எச்சில் தொட்டுக்
கூராக்கிய நூல்.

மண் போட்டு மூடவில்லை.
அதற்கு வெளிச்சம் வேண்டுமாம்.
விரலால் அழுத்தி விட்டேன், அவ்வளவுதான்.
ஐந்தாம் நாள் இரண்டிரண்டு இலை,
முதல் பேருந்துக் கூட்டம்போல
ஒன்றின் தோளில் ஒன்று.

ஐதாக்க வேண்டும்.
பட்டியில் கண் பார்க்குமுன் கை எறிந்துவிடும்.
இங்கே கை நின்றது.
ஒன்றிலும் ஒரு பிழை இல்லையே,
எதை எடுப்பது?
நகக் கத்தரிக்கோலால் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினேன்.
வெட்டியதை எறிய மனம் வராமல்
நின்ற இடத்திலேயே தின்றேன்.
முதலில் வெறும் தண்ணீர்.
விழுங்கிய பிறகு, நாக்கின் அடியில்,
கொஞ்சம் கசப்பு.

செப்டம்பரில் உள்ளங்கை அகலம்.
ஓரத்தில் சிவப்பு.
இரவில் ஏறி வந்த நத்தை
ஓர் இலையில் யன்னல் வெட்டிவிட்டுப் போனது.
பட்டியில் வந்திருந்தால் எறிந்திருப்பேன்.
இதற்குள்ளால் வாய்க்காலும் ரயிலும் தெரிந்தன.

மேலதிக வேலையால் நான் பிந்திய ஒரு நாள்
நிமலரூபன் முழுவதையும் அரிந்து
தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு
வறை செய்து வைத்திருந்தான்.
பெரிய பாத்திரம் நிறைய இலையாம்.
சட்டியின் அடியில் ஒரு கரண்டி.
"எல்லாம் எங்க போச்சுது?"
என்று என்னையே கேட்டான்.

இரண்டு மாதம், ஒரு கரண்டி.
கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
அவன் அகப்பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத்
தேடிக்கொண்டிருந்தான்.
ஆளுக்கு அரைக் கரண்டி.
சோறு மிஞ்சியது.

சாப்பிட்டு முடிந்து தொட்டியைப் பார்த்தேன்.
வேரோடு பிடுங்கவில்லை, அந்தளவு புத்தி.
வெட்டிய கட்டைகளில் பால் துளித்து நின்றது.
ஒன்றில் மட்டும், நடுவில்,
மடித்த குருத்து ஒன்று. பச்சை என்றுகூடச் சொல்ல முடியாது.

தண்ணீர் விட்டேன். சொட்டவில்லை.
போன கிழமை எங்கள் வாசலில்
பேரில்லாமல் கிடந்த மண்தட்டு ஒன்று
இப்போது தொட்டிக்கு அடியில்.

நாளைக்கும் நாலரைக்கு வேலை.
விடியற்புறம் ஏழு பாகை என்றது வானொலி.
நல்லது.