காற்று மணலியிலிருந்து

இருபத்திரண்டு புட்டிகளுக்கும்
பழைய பேப்பர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு,
கழுத்துவரை மூடி
எண் எழுதியது நான்.
எந்த எண்ணுக்குள் எந்த ஊர் என்று
இந்த அறையில் அறிந்தவள் நான் ஒருத்தி.
ருசி அறியாதவளும் நான் ஒருத்தி.

எனக்குத் தெரிந்த திராட்சரசம்
மாதத்தின் முதல் ஞாயிறு
சுண்டுவிரல் உயரக் கிண்ணத்தில் வரும்.
அதற்கு மதிப்பெண் போடச் சொல்லி
யாரும் கேட்டதில்லை.

ராயபுரம். கிளியரிங் ஏஜென்ட் கிடங்கின் மாடி.
கீழே மிளகாய் வற்றல் லாரி நின்றதால்
தும்மல் அடங்கும்வரை
பதினோரு மணிக்குத் தள்ளிவைத்தோம்.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்.
திறந்தால் காசிமேடு.
திறந்தே இருக்கட்டும் என்றார் நோயல் டிக்ரூஸ்,
பெரம்பூர் லோகோவில் முப்பது வருஷம்
கலப்பட டீசலை மூக்காலேயே பிடித்தவர்.

நாட்டின் ஒயினை எடைபோட வேண்டும்,
ஆனால் ஊர் வேணாம், கம்பெனி வேணாம், விலை வேணாம்,
திராட்சை மட்டும் பேசட்டும்
என்றார் ஏற்பாடு செய்த வாகீசன்.
செனின் பிளாங்க் ஆறு. சோவிஞான் ஐந்து.
ரீஸ்லிங் நாலு. ஷிராஸ் ஏழு.
நாசிக்கும் நந்தி மலையும்
கல்யாண மண்டபத்து வாடகை விரிப்பின் மேல்
பேரில்லாமல் நின்றன.

வாயில் வைத்தார்கள், உருட்டினார்கள்,
பெயிண்ட் டப்பாவில் துப்பினார்கள்.
துப்பு கிடைத்துவிட்ட முகத்தோடு
எழுதினார்கள்:
கொய்யா. ஈரப் புல். பழுக்காத மாங்காய்.
மேற்கு மாதா சர்ச் தெரு கெர்சி
ஒன்றுக்கு "நல்ல பையன், வேலை இல்லை" என்று எழுதினார்.
அதற்கு ஐந்தரை.

தேயிலைத் தரகர் ஜம்புகேசன்
ஆயுசில் ஒரு மிடறு விழுங்காதவர்.
துப்புவதற்கென்றே வந்தவர்.

வாகீசன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்:
ஒரே ஒயினை ரெண்டு எண்ணில் வை,
நாக்கு நிஜம் பேசுதா பார்ப்போம்.
பதின்மூன்றும் பதினைந்தும் ஒன்றுதான்.
ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஒரே பெட்டி.

பதின்மூன்றுக்கு எழுதினார்கள்:
தட்டை. தண்ணீர். சீக்கிரம் மறந்துபோகும்.
பத்து, பதினொன்று, ஒன்பதரை.

பதினான்கு ஊற்றும்போது
விரிப்பின் ஓரம்
மறுபக்கமாக மடங்கியது.

நல்ல ரீஸ்லிங்கில் பெட்ரோல் வாசனை வருமாம்.
வந்தால் பெரிய இடத்துப் பிள்ளையாம்.
பதினைந்தை மோந்ததும்
எப்சிபா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.
"மெல்லிய பெட்ரோல். நேர்த்தி. நீண்ட முடிவு."
கெர்சி பதினேழு. டிக்ரூஸ் பதினேழரை,
அடியில் ரெண்டு கோடு.
டீசல் பிடித்த மூக்கு அது.

ஜம்புகேசன் தாளில் மதிப்பெண் இல்லை.
பென்சிலில் ஒரு வரி:
"காற்று மாறிவிட்டது. ஜன்னலைச் சாத்தவும்."

நான் எழுந்து சாத்தவில்லை. ஏன் என்று தெரியவில்லை.
என் வீடு தண்டையார்பேட்டை.
எங்கள் கொடியில் காயும் பாவாடையில்,
பிள்ளையின் தலையணையில்,
ஆறவைத்த சோற்றில்
இருபது வருஷமாக இருக்கிறது அந்த நேர்த்தி.
பதினேழு போட
ஒருவரும் படியேறி வந்ததில்லை.

ஷிராஸை அன்று யார் ஒழுங்காகப் பார்த்தார்கள்?
ஏழிலும் மிளகு, ஏழிலும் புகை, கறி வாசம்.
மாடிப்படியில் அதற்குள்
பிரியாணி தேக்சா ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கூட்டல் என் வேலை.
பதினைந்தை மூன்றால் வகுப்பதா, நாலாலா?
ஜம்புகேசனின் காலிக் கட்டம்
சைபரா, விடுமுறையா?
வாகீசனுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை.

புட்டியின் பேப்பரைப் பிரித்து
மிச்சத்தை ஒருதரம் மோந்தேன்.
ஜன்னல் திறந்திருந்தது.
எது புட்டி, எது வெளி,
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குறிப்பு என்ற கட்டத்தில்
நல்ல கையெழுத்தில் எழுதினேன்:
வடமேற்குக் காற்று,
பிற்பகல் பன்னிரண்டே முக்கால் முதல்.