ரூட் கேப்

ஜுபைல். ஷட்டவுனின் பதினோராம் இரவு.
குழாய் முந்நூறு மில்லிமீட்டர் விலக வேண்டும்,
நாற்பத்தைந்து டிகிரியில்.
விலகலை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கு.
எல்போக்களைக் கழிப்பது பிறகு.

நானூற்று இருபத்து நாலு புள்ளி
இரண்டு ஆறு நாலு பூஜ்யம் ஆறு...
திரை முடிந்ததால் நின்றது.
எண் நிற்கவில்லை.

முழு எண்ணால் பெருக்கு, பின்னத்தால் பெருக்கு,
திருந்தாத ஜென்மம் இது.
பூஜ்யத்துக்கு மட்டும் அடங்கும்.
பூஜ்யம் என்றால் விலகலே இல்லை,
நேர்க் குழாய்;
என்னை விமானம் ஏற்றியிருக்கவே வேண்டாம்.

டேப்பில் நானூற்று இருபத்து நாலில் கோடு போட்டேன்.
மீதி?
"ரூட் கேப்புல போடுடே" என்றான் மரியதிரவியம்,
முகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு.
மூன்று மில்லிமீட்டர் சந்து.
முடியாத இலக்கங்கள் அதில் விழுந்து
உருகின.
எக்ஸ்ரேக்காரன் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு பர்வேஸ் பாய் வரைபடத்தை விரித்தார்.
அடுத்த லைன் முந்நூறு ஏறவும் வேண்டும்,
முந்நூறு பக்கவாட்டில் போகவும் வேண்டும்.
மூலைக்கு மூலை அளந்தால்
மறுபடி அதே நானூற்று இருபத்து நாலு, அதே வால்.
அதை இன்னொரு தரம் அதே மூலத்தால் பெருக்கணும்.
விடியும்வரை இலக்கம் கொட்டும் என்று நினைத்து
அழுத்தினேன்.

அறுநூறு.

புள்ளிகூட இல்லை.
"மிஷின் செத்துட்டா?" என்றான் மரியதிரவியம்.
மூன்று தரம் அழுத்திக் காட்டினேன்.
இரண்டும் சேர்ந்து எப்படி ஒழுங்காச்சு என்று
அவன் கேட்கவில்லை.
நானும் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வெட்டும் முன்
அந்த அறுநூறிலிருந்தும்
அவனுடைய மூன்று மில்லிமீட்டரைக் கழித்தேன்.