அடைப்புக்குறிக்குள் ஒரு கோடு

டர்ஹம் நகரில், செருப்புத் தைக்கும் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் அலுவலகம்.
பசை வாசனை படியேறி வரும்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில்
ஆங்கில இலக்கியம் முழுவதையும்
ஏ முதல் இசட் வரை வரிசையில் நிற்கவைப்பது தொழில்.

மாணவர்களுக்கு என்கிறது அட்டை,
பொதுவாசகர்களுக்கும் என்று சின்ன எழுத்தில்.
நகர நூலகப் பிரதியைப் புரட்டியிருக்கிறேன்.
'முரண்நகை' பக்கம் அப்பளமாய் நொறுங்கிவிட்டது.
'காப்பியம்' பக்கத்தில் ஒரு மடிப்புகூட இல்லை.
நாளைக்கு எந்தக் கேள்வி வரும் என்று
அந்தத் தாளுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பதிப்புக்கும் புதியவர்கள் வந்து சேர்வார்கள்.
பக்கம் கூடக் கூடாது, கூடினால் விலை கூடும்.
ஆகவே பழையவர்களிடம் சொல் பிடுங்குவோம்,
இவரிடம் ஆறு, அவரிடம் பதினொன்று.
இறந்தவர்கள் கடிதம் போடுவதில்லை.
அவர்களுடைய மருமகன்கள் போடுவார்கள்.

பிடுங்குவது என் வேலையல்ல.
என் வேலை கோடு.
பிறந்த ஆண்டு, ஒரு கோடு, கொஞ்சம் வெற்றிடம்,
பிறகு அடைப்புக்குறி.
வெற்றிடத்தில் ஏதும் விழுந்துவிட்டதா என்று
பதிப்புக்குப் பதிப்பு விசாரிக்க வேண்டும்.
"பதமாகக் கேளுங்கள், திருமதி டிராண்டர்"
என்பார் பொறுப்பாசிரியர்.
எங்கள் மொழி 'நீ'யைத் தொலைத்து முந்நூறு வருடமாகிறது.
எல்லோரும் 'நீங்கள்'தான்.
ஆனாலும் அந்தக் கேள்விக்கு மரியாதை போதவில்லை.

1998 நவம்பர், மழை.
ஏவிஸ் கார்பட் (1906–).
நான்கு நாவல்கள்,
ஹெர்ரிங் மீன் அறுக்கும் பெண்களைப் பற்றி ஒன்று.
மொத்தம் அறுபத்திரண்டு சொற்கள்.
சால்ட்பர்ன் எண்ணைச் சுழற்றினேன்.
பதினாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"மிஸ் கார்பட் பற்றி ஒரு தகவல் சரிபார்க்க…"
"பாருங்கள். பேசுவது அவள்தான்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.
அந்தப் பக்கம் அவர் எடுத்துக்கொண்டார் போல.
"சென்ற பதிப்பு மடியில் இருக்கிறது.
'சிறு நாவலாசிரியர்' என்று தொடங்குகிறீர்கள்.
நான் ஐந்தடி பதினோரு அங்குலம்.
'திருமணத்துக்குப் பிறகு எழுதவில்லை.'
யாரைக் கட்டினேன் என்று சொல்லியிருந்தால்
கரி அள்ளவாவது கூப்பிட்டிருப்பேன்.
எனக்கு முன்னால் தூக்குமேடைப் பாட்டு,
எனக்குப் பின்னால் பேய்க்கதை.
அது எழுத்து வரிசையின் குற்றம், மன்னிக்கிறேன்."

'சிறு' போகும், கல்யாணமும் போகும் என்றேன்.
அந்த இடத்தில் என்ன போடட்டும்,
ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள்?

கெட்டில் விசிலடிப்பது கேட்டது.
வெகுநேரம் அதை யாரும் இறக்கவில்லை.

"மீன் வாடை அடிக்கும் எழுத்து என்றான் ஒருவன்.
அதுவாக இருக்கும்.
இல்லை, அம்மா படுத்த படுக்கையான வருடங்கள்.
அதுவும் இல்லை.
காலியாக விடுங்கள்.
ஒன்றே ஒன்று, அந்தக் கோடு.
கோட்டுக்கும் அடைப்புக்கும் நடுவே ரொம்ப நெருக்கம்,
மூச்சு முட்டுகிறது.
கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்."

தள்ளிப் போடச் சொன்னேன்.

பிப்ரவரியில் மெய்ப்பு வந்தது.
கோட்டுக்குப் பின்னால்
ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவு இடம்.
ஓரத்தில் அச்சகத்தின் பச்சை மை:
கூடுதல் இடைவெளி. பிழையா? நீக்கலாமா?

சால்ட்பர்னுக்கு அடித்தேன்.
பதினாலு மணி. இருபது. முப்பது.
கடைக்குப் போயிருக்கலாம்.
பிப்ரவரியில், பனியில், தொண்ணூற்று இரண்டு வயதில்
கடைக்குப் போயிருக்கலாம்.

அழிக்க வேண்டாம் என்பதற்கு
எங்கள் தொழிலில் அடியில் புள்ளிகள் வைப்போம்,
பக்கத்தில் ஒரு சொல் எழுதுவோம்.
வெற்றிடத்துக்குக் கீழே நான்கு புள்ளி வைத்தேன்.
மணி இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.
ஓரத்தில் எழுதினேன்:

இருக்கட்டும்.