இருபத்தோராம் நாள்

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் எனக்கு
ஊசிக்காரர் என்று பெயர்.
புதிதாக மாற்றலாகி வரும் காவலர் மட்டும்
பின்சீட்டுக் கேனைத் திறக்கச் சொல்லிக் குனிவார்.
மூடியைத் தூக்கினால் வெண்புகை.
"எந்தா இது?"
காளைங்க சார். நாற்பது காளை,
உறையவைத்துக் கொண்டுபோறேன்.

சிரிக்கட்டும்.
பால் இந்தப் பக்கம் கறந்து அந்தப் பக்கம் போகிறது,
நான் இரண்டு பக்கமும் போகிறேன்.
காலையில் கத்திய பசுவுக்கு
மாலையில் ஊசி போட்டாக வேண்டும்.
தவறினால் இருபத்தோரு நாள் காத்திருப்பு.
பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது,
டீலருக்குத்தான் தெரியும்.

பழைய வண்டி பதினோரு வருடம் ஓடியது.
கடைசி வருடம்
ஓடியதைவிட நின்றது அதிகம்.
மூலத்தறை வாய்க்கால் கரையில் கிளட்ச் எரிந்து
நான் தள்ளிக்கொண்டு நடந்த அந்தியில்
வேலந்தாவளத்துப் பாவாத்தாளின் ஜெர்சி
கத்திக் கத்தி அடங்கிவிட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

புது வண்டி. எது?
மைத்துனன் மைலேஜ் பார் என்றான்.
சொசைட்டி செயலாளர் வட்டியைப் பார் என்றார்.
மகள், "கறுப்புப்பா."
நான் ஷோரூம் படியே ஏறவில்லை.
சர்வீஸ் கொட்டகைக்கு எதிரே
கரும்புச்சாறு பெஞ்சில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன்.
ஓட்டி வந்தவை எத்தனை, தள்ளி வந்தவை எத்தனை.
திங்கட்கிழமையும் போனேன்,
அதே சத்தத்தோடு திரும்பி வந்தவற்றை எண்ண.

பிறகு ஒரு பொய்.
மூன்று கம்பெனிக்கும் ஒரே பொய்:
"நம்ம வண்டிக்கு கிளட்ச் கேபிள் வேணுங்க."

சிவப்புக் கம்பெனியில் ஏசி, லட்டு.
"கோயமுத்தூர்ல இருந்து வரணும் சார், எட்டு நாள்."
என் நம்பரைக் குறித்துக்கொண்டாள்,
பேனாவில் மை தீர்ந்ததைக் கவனிக்காமல்.

நீலக் கம்பெனி அந்தப் பக்கம், சித்தூரில்.
கேபிள் இருந்தது, கண்ணால் பார்த்தேன்.
"தமிழ்நாடு வண்டியாணோ?"
ஆமாம் என்றதும் இல்லாமல் போனது.

மூன்றாவது மீனாட்சிபுரம் ரயில்வே கேட் அருகே,
தகரக் கூரை.
எருமைக்கு ஹெட்லைட் மாட்டிய மாதிரி வண்டி.
நிஷாத் என்ற பையன் கையைத் துடைத்துக்கொண்டு
என்னை ஒரு நிமிஷம் பார்த்தான்.
"உங்ககிட்ட நம்ம வண்டி இல்லியேண்ணே.
வாய்க்கா மேட்டுல பழசத் தள்ளிட்டுப் போனீங்க."

பிடிபட்டேன்.
சரி, வண்டி எப்படி என்றேன்.
"முப்பதாயிரத்துல செயின் செட் போகும்.
மொத மழைக்கு பிளக் மக்கர் பண்ணும்.
ரெண்டும் நம்மகிட்ட இருக்கு."
சுவரில் ஆணிக்கு ஒன்றாய் மூன்று செயின்
எண்ணெய் பூசித் தொங்கின.
"ராத்திரின்னாலும் கூப்பிடுங்க, வீடு கேட்டுக்குப் பின்னால."

கெடாது என்று அவன் சொல்லவில்லை.
நானும் எந்தக் கொட்டகையிலும் சொன்னதில்லை
சினை பிடித்துவிடும் என்று.
கையுறையைக் கழற்றிவிட்டு
சுவரில் கரித்துண்டால் ஒரு தேதி எழுதுவேன்.
மறுபடி கத்தினால்
அன்றைக்கு வருவேன், காசு கேட்காமல்.

அட்வான்ஸ் ஐயாயிரம்.
மகள் இரண்டு நாள் பேசவில்லை.
பாவாத்தாள் வண்டியைச் சுற்றி வந்து
பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினாள்.
"பல்லப் புடிச்சுப் பாத்தீங்களா?"
இல்லீங்க, கட்டுத்தறியப் பாத்து வாங்கினேன்.

போன வாரம் முதல் மழை.
நடுப்புணி தாண்டியதும் வண்டி நின்றது,
சொன்னபடியே.
புளியமரத்தடியில் கேனை இறக்கி வைத்து
போன் போட்டேன்.
இரண்டாவது மணியில் எடுத்தான்.
"பிளக் தானேண்ணே?"