சாய்ந்த வெயில்

சாஸ்கட்டூனில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.
மைனஸ் முப்பதிலும்
பனிமேல் கண்கூசக் காய்கிறது.
ஆனால் நவம்பர் பிறந்தால் சாய்ந்துதான் வரும்,
வீடு பார்க்க வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல்
திரும்பிவிடுகிறவரைப் போல.

நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
வெயிலின் அருமை தெரிய
இங்கே ரத்தம் எடுக்கவேண்டியிருக்கிறது.
எடுப்பவள் ஒக்சானா.
இரவுப் பணியில் அதை எண்ணாக்குகிறவள் நான்.

அருணகிரிக்குப் பதினெட்டு.
மருந்துக்கடை ரோமெல் இரண்டு புட்டிகளை வைத்தான்.
டி மூன்று, ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து.
டி இரண்டு, ஈஸ்ட்டுக்கு விளக்கு காட்டி எடுத்தது.
"வெட்டலையே, கத்தரிச்சதுதானே" என்றேன்.
"ஆடு ஆடுதான்."
திருநெல்வேலிச் சைவம்
கடல் தாண்டியும் கரையவில்லை.
அவனுக்கு இரண்டு. எனக்கு மூன்று.

உள்ளே போனால் இரண்டுக்கும் ஒரே வரிசை.
கல்லீரலில் ஒரு முத்திரை,
சிறுநீரகத்தில் இன்னொன்று
(எங்கள் கோப்பு நகர நாலு வருஷம் ஆனது).
இரண்டைச் சுமக்கும் புரதம் மட்டும்
அத்தனை இறுக்கிப் பிடிப்பதில்லை,
பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

வெள்ளை அணுவின் உள்ளறையில்
இதற்கென்றே ஒரு பூட்டு.
மூன்று போய்த் திறந்தால்
வைரஸுக்கான காவல் எழுந்து உட்காருகிறதாம்,
இரண்டு போனால்
அதே ஆள் புரண்டு படுக்கிறாராம்.
ஒரு கட்டுரையில் படித்தேன்.
அதன் கடைசிப் பத்தியில்
இன்னும் ஆராயவேண்டும் என்றும் இருந்தது.

பிப்ரவரியில் அவனுக்கு இருமல்.
ஆட்டைப் பற்றி
நான் வாயே திறக்கவில்லை.
மறுவாரம் எனக்கும் இருமல்.

நேற்றிரவு
என் தட்டில் அவன் பெயரிட்ட குழாய்.
எழுபத்தாறு.
எங்கள் இயந்திரத்துக்கு
இரண்டென்றும் மூன்றென்றும் பேதம் தெரியாது,
கூட்டி ஒரே கட்டத்தில் போட்டுவிடும்.

காலையில் வீட்டுக்கு வந்ததும்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
அலமாரியைத் திறந்து
அவன் புட்டியைக் குலுக்கினேன்.
நிறைந்த புட்டிக்குச் சத்தம் வராது.
என்னுடையது
கலகலவென்றது,
மாதக் கடைசி உண்டியல் மாதிரி.

ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தான்.
ஒரு பக்கக் கன்னத்தில்
ஒன்றுக்கும் உதவாத வெயில்.
"எண் ஏறியிருக்கு" என்றேன்.
"காளான் நல்லது" என்றான்
கண்ணாடியைப் பார்த்தபடியே.